உயிரோடிருந்தவருக்குப் பாடிய ஒப்பாரி

ஜெஃப்ரி கெண்டலைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு சித்திரம் தயாராக இருக்கும். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் போக மனமில்லாமல் இந்தியாவிலேயே தங்கிவிட்ட ஓர் ஆங்கில நடிகர். கூடவே மனைவி, மகள்கள், நைந்துபோன வெல்வெட் உடுப்புகள். ஒரு காலத்தில் மகாராஜாக்கள் கூப்பிட்டுப் பார்த்த ஷேக்ஸ்பியரை இப்போது மலைப்பிரதேசப் பள்ளிகள்கூட வேண்டாம் என்கின்றன. எதிரே இந்தி சினிமா. திரைப்படச் சங்கங்களில் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பல்கலைக்கழகத்தில் தழுதழுப்பு இல்லை, குற்றப்பத்திரிகை உண்டு: துப்பாக்கி இறங்கிய பிறகும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலனியத்தின் கடைசிக் கையாள் அவர். உருகுகிறவர்களும் திட்டுகிறவர்களும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். அவர் பிரிட்டிஷ் ஆட்சியின் மிச்சம், ஆட்சி போனது, அவரும் போனார்.

கூட்டல் கழித்தல் எல்லாம் இதில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்ட எண்கள்தான் தப்பு.

இந்தச் சித்திரம் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 1965இல் வந்த 'ஷேக்ஸ்பியர் வாலா' என்ற படம். இஸ்மாயில் மெர்ச்சண்ட் தயாரிப்பு, ஜேம்ஸ் ஐவரி இயக்கம், கதைவசனத்தில் ரூத் ப்ராவர் ஜாப்வாலா, இசை சத்யஜித் ராய், கேமரா சுப்ரத மித்ரா. நல்ல படம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிரச்சினை அதன் நடிகர் தேர்வில் இருக்கிறது. பக்கிங்ஹாம் என்ற ஊர்சுற்றி நாடகக் குடும்பத்தின் தலைவராக ஜெஃப்ரி கெண்டலே நடித்தார். மனைவியாக அவருடைய மனைவி லாரா லிடெல், மகளாக அவருடைய இளைய மகள் ஃபெலிசிட்டி. அந்தப் பெண் காதலிக்கும் இந்திய இளைஞனாக நிஜத்தில் அவருடைய மூத்த மாப்பிள்ளையான ஷசி கபூர். கதைக்கு விதை கெண்டலின் நாட்குறிப்பு. சொந்த முகத்தையும் சொந்தக் குறிப்பேட்டையும் கொடுத்துவிட்டுப் பின்னால் "அது நான் இல்லை" என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் அது அவர் இல்லை. படத்தில் குழு தேய்கிறது, பள்ளிக்கூடம் ஆட்டங்களைக் குறைக்கிறது, குழுவின் மூத்த நடிகர் இறந்துபோகிறார், கடைசியில் மகள் கப்பலேறி இங்கிலாந்து போகிறாள். ஒத்தெல்லோ நடந்துகொண்டிருக்கும்போது சினிமா நட்சத்திரம் மஞ்சுளா அரங்குக்குள் நுழைய, கூட்டம் மேடையை மறந்து அவளைப் பார்க்கிறது. அந்த வேடத்துக்காக மதுர் ஜாஃப்ரிக்கு பெர்லின் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. காட்சி அவ்வளவு பிரமாதம். ஆங்கில ஆட்சியின் அந்திக்காலத்துக்கு ஒரு நாடகக் குழுவை உவமையாக வைப்பது எழுத்தாளரின் உரிமை. உவமையை வரலாறாக வாசித்தது நாம். கெண்டலுக்கு இது கடைசிவரை உறுத்தியது. தங்களுக்கு நல்ல வரவேற்பு இருந்தது, படம் தங்களைத் தோற்றவர்களாகக் காட்டிவிட்டது என்பது அவருடைய மனக்குறை.

அவர் சொன்னால் போதுமா என்று கேட்கலாம். ஆட்டக் கணக்கைப் பாருங்கள். 1953 நடுவிலிருந்து 1956 இறுதிவரை அவருடைய 'ஷேக்ஸ்பியரானா' குழு இந்தியாவில் 800க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் போட்டிருக்கிறது. மாதத்துக்குச் சராசரி 20. ரயில் பயணம், சாமான் இறக்குவது, ஊருக்கு ஊர் மேடை கட்டுவது எல்லாம் போக மாதம் 20 இரவு. சுதந்திரம் வந்து ஏழெட்டு ஆண்டு கழிந்த நாட்டில், செத்துக்கொண்டிருக்கும் குழுவுக்கு இத்தனை அழைப்பு எங்கிருந்து வந்தது? இந்தியாவோடு நிற்காமல் மலாயா, சிங்கப்பூர், ஹாங்காங் என்றும் அந்தக் குழு போய்வந்தது.

காலக்கணக்கும் குற்றப்பத்திரிகைக்கு ஒத்துழைக்க மறுக்கிறது. கெண்டல் இந்தியாவுக்கு முதலில் வந்தது 1944இல், போர்க்காலத்தில் படைவீரர்களுக்குக் கேளிக்கை நடத்திய அமைப்பின் வழியாக. அது அரசுக் காரியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் சொந்தக் குழுவோடு அவர் திரும்பி வந்தது 1947இல். கவர்னர்களும் கலெக்டர்களும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. ஆட்சியின் கையாள் ஆட்சி முடிகிற வருஷத்திலா கடை திறப்பான்? அவருடைய தொழிலின் பெரும்பகுதி நடந்தது நேருவின் இந்தியாவில். வாங்கியது டிக்கெட் காசும், பள்ளிகளும் சமஸ்தானக்காரர்களும் கொடுத்த ஆட்டக் கட்டணமும்தான்.

ஆங்கிலேயர் என்றாலே துரை என்று நாம் நினைத்துக்கொள்வது இன்னொரு தடுமாற்றம். 1909இல் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், வெஸ்ட்மோர்லாந்தின் கெண்டல் என்ற சிறு ஊரில் பிறந்தவர் இவர். இயற்பெயர் ஜெஃப்ரி பிராக். மேடைக்காக ஊர்ப்பெயரைச் சூட்டிக்கொண்டார். சீர்காழி, திருவீழிமிழலை என்று ஊரைப் பேரோடு சுமந்த நம் கலைஞர்களைப் போலத்தான், இவர் முன்னொட்டாக வைக்காமல் குடும்பப்பெயராகவே ஆக்கிக்கொண்டார். சிவில் சர்வீஸ்காரர்களின் கிளப்பில் ஊர்சுற்றி நடிகனுக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிரபு ஒருவரின் பெயரில் ஒண்டிக்கொள்ளாத நடிகர்களை ஊர்சுற்றிப் போக்கிரிகளின் பட்டியலில் வைத்து 1572இல் சட்டம் போட்ட நாடு இங்கிலாந்து. முதன்முதலாக ஒரு நடிகருக்கு, ஹென்றி இர்விங்குக்கு, அது சர் பட்டம் கொடுக்க 1895 ஆயிற்று.

பேரரசு இல்லாமல் ஆங்கில நாடகக்காரன் வெளிநாடு போயிருக்க மாட்டான் என்பது காலனியக் கையாள் என்ற வாதத்தின் முதுகெலும்பு. அது 1586இலேயே முறிந்துவிட்டது. அந்த ஆண்டு வில் கெம்ப், ஜார்ஜ் பிரையன், தாமஸ் போப் ஆகிய ஆங்கிலக் கூத்தாடிகள் டென்மார்க்கின் எல்சினோரில், அரசவையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஹாம்லெட் நாடகம் நடப்பதாகச் சொல்லப்படும் அதே எல்சினோர். மூவரும் பின்னால் ஷேக்ஸ்பியரின் குழுவிலேயே சேர்ந்தவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது அதற்கு 14 ஆண்டு கழித்து. 1590களில் ராபர்ட் பிரௌன் தன் குழுவோடு ஃப்ராங்க்ஃபர்ட் சந்தைக்குப் போனார். ஆங்கிலம் புரியாத கூட்டத்தைச் சண்டைக்காட்சி, சங்கீதம், கோமாளி இவற்றால் பிடித்துவைத்தார்கள். போகப் போக ஜெர்மன் மொழியிலேயே ஆடத் தொடங்கினார்கள். இன்று போலந்திலுள்ள க்தான்ஸ்க் நகரில் ஆங்கில நடிகர்கள் ஆடிய பழைய அரங்கின் நினைவாக 2014இல் புது ஷேக்ஸ்பியர் அரங்கே கட்டிவிட்டார்கள். ஜெர்மனியை இங்கிலாந்து ஆளவில்லை. டென்மார்க்கையும் ஆளவில்லை. ஊரில் கொள்ளைநோய் வந்து கொட்டகையை மூடினால், போட்டி அதிகமானால், வெளியூரில் காசு கிடைத்தால் நடிகன் கிளம்புவான். கெண்டல் இந்த வம்சம்.

பல்கலைக்கழகத் தரப்பின் வாதத்தில் உண்மை இருக்கும் பகுதியையும் பார்த்துவிட வேண்டும். 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பும் அதைத் தொடர்ந்த ஆங்கிலக் கல்வியும் ஷேக்ஸ்பியரை ஒரு பாடமாக, ஒழுக்கப் போதனையாக, பரீட்சைக் கேள்வியாக இங்கே இறக்கின. கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட நூலில் ஆங்கில இலக்கியப் படிப்பு என்ற துறையே இந்தியாவில் ஆள்வதற்கான கருவியாக உருவானதை ஆவணங்களோடு காட்டினார். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஆவணங்கள் பாடத்திட்டக் குழுக்களுடையவை, அரசு அலுவலகங்களுடையவை. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு நாடகக் குழுமேல் தீர்ப்பு எழுதுவதைத்தான் மறுக்கிறேன். வகுப்பில் கோனார் உரை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்த அதே வரிகளை, வேர்வை வழிய ஒருவர் பத்தடி தூரத்தில் நின்று பேசும்போது அந்தப் பாடம் கலைந்துபோகிறது. இது பாடமல்ல, ஆட்டம் என்று பையனுக்கு முதல்முறையாகத் தெரிகிறது. வாத்தியார் கட்டிய கோபுரத்தைக் கெண்டல் இடித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

ஷேக்ஸ்பியரை இங்கே கொண்டுவந்தவர் கெண்டல் என்று அவருடைய ரசிகர்கள் சொல்வதும் இதே அளவுக்கு அபத்தம். பார்சி மேடையில் ஆகா ஹஷ்ர் காஷ்மீரி லியர் அரசனை உருதுவில் கரைத்துக் கொடுத்தவர். சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார். வெனிஸ் வணிகனை வாணிபுர வணிகன் ஆக்கினார். இதெல்லாம் கெண்டல் நடிக்க வருவதற்கு வெகு முன்பு. இந்திய மேடை ஷேக்ஸ்பியரை விழுங்கிச் செரித்துவிட்ட பிறகு வந்து சேர்ந்த ஒருவரை, அதை ஊட்ட வந்தவர் என்று போற்றுவதும் தூற்றுவதும் வேடிக்கை.

சரி, அவர் கொண்டுவந்ததுதான் என்ன? இதற்கு என்னிடம் உள்ள சாட்சியின் பெயர் உத்பல் தத். காலனியக் கையாள் என்ற வாதம் இந்த ஒரு சாட்சியின் முன் நிற்காது.

1947இல் தத், கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். நண்பர்களோடு சேர்ந்து மூன்றாம் ரிச்சர்டை ஆங்கிலத்திலேயே போட்டவர். அவருடைய நடிப்பைப் பார்த்த கெண்டல் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1947-48இல் ஒருமுறை, 1953-54இல் இன்னொருமுறை தத் ஷேக்ஸ்பியரானாவோடு ஊர் ஊராகப் போனார். அமெச்சூர் கல்லூரி நாடகத்துக்கும் தொழில்முறை மேடைக்கும் என்ன தூரம் என்று அவர் தெரிந்துகொண்டது அங்கேதான். ஒரே குழுவிடம் பல நாடகங்கள் கைவசம் இருக்கும். எந்த ஊரில் எது கேட்டாலும் போட வேண்டும். நேற்று ராஜபார்ட் கட்டியவர் இன்று ஈட்டி பிடித்து நிற்பார். ஆட்டம் முடிந்ததும் பெட்டி கட்டுவதும் நடிகர்தான். குழுவை நடத்துகிறவரே பிரதான வேடம் கட்டி, பயிற்சியும் கொடுத்து, சம்பளமும் பட்டுவாடா செய்யும் நடிகர்-முதலாளி முறை இது. நம் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வரியும் விளக்க வேண்டியதில்லை.

அங்கே கற்றதை தத் என்ன செய்தார்? ஆங்கிலத்தை விட்டார். ஆங்கில ஷேக்ஸ்பியர் கல்கத்தாவின் ஒரு சின்ன வட்டத்தைத் தாண்டாது என்று முடிவுகட்டி, தன் லிட்டில் தியேட்டர் குரூப்பை வங்காளத்துக்குத் திருப்பினார். மக்பெத்தை வங்காளியில் கிராமங்களுக்கு எடுத்துப்போனார். 1959இல் மினர்வா தியேட்டரை எடுத்து நடத்தத் தொடங்கினார். அந்த ஆண்டின் 'அங்கார்' நிலக்கரிச் சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட தொழிலாளர்களைப் பற்றியது. 1965இன் 'கல்லோல்' 1946இல் பிரிட்டிஷ் இந்தியக் கடற்படையில் வெடித்த மாலுமிகள் கிளர்ச்சியைப் பற்றியது. அதே 1965இல் காங்கிரஸ் அரசு அவரை விசாரணையில்லாமல் மாதக்கணக்கில் சிறையில் வைத்தது. 'ஷேக்ஸ்பியர் வாலா' திரைக்கு வந்த வருஷமும் அதுதான், அதில் மகாராஜா வேடம் கட்டியிருப்பவரும் இதே தத்தான். ஆங்கில ஆட்சிக்கு எதிரான கலகத்தை மேடையேற்றிச் சிறை போன மார்க்சியர், ஆங்கிலேயரான கெண்டலைத் தன் குரு என்றார். அவருக்கு காலனியம் என்றால் என்னவென்று தெரியாது என்று வாதிடப்போகிறீர்களா?

கற்றுக்கொண்ட தொழில்நுட்பத்தை வைத்து எதிர்த்தரப்பைத் தாக்கினார், அவ்வளவுதானே என்று ஒரு பதில் வரும். அது பதிலாகாது. எதிர்த்தரப்பின் முகாமில் ஒருமுறை வேவு பார்க்கலாம். ஆறு ஆண்டு கழித்து யாராவது மறுபடி போய்ச் சம்பளத்துக்கு வேலை செய்வார்களா? தத் போனார். அவருக்கு அது ஒரு நாடகக் கம்பெனி.

இனி அந்தக் கணக்கின் இரண்டாம் பாதி: ஆட்சி போனதால் குழு போயிற்று, சினிமா வந்து ஷேக்ஸ்பியரை விழுங்கிற்று. கெண்டல் முதன்முதலில் இந்தியா வந்த அதே 1944இல் பிரித்விராஜ் கபூர் பிரித்வி தியேட்டர்ஸைத் தொடங்கினார். இந்துஸ்தானி மொழி, தேசிய உணர்வு, 'தீவார்', 'பட்டான்' மாதிரி பிரிவினைக்கும் மதவெறிக்கும் எதிரான நாடகங்கள், சினிமாவில் பெரிய நட்சத்திரமான ஒருவரே முதலாளி. பேரரசின் வாசனைகூட இல்லாத குழு. அது 1960இல் மூடப்பட்டது. அப்போது ஷேக்ஸ்பியரானா ஓடிக்கொண்டிருந்தது. ஆட்சி மாற்றம்தான் காரணம் என்றால் முதலில் விழுந்திருக்க வேண்டியது எது?

இங்கிலாந்திலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். நாடு நாடாகப் போன நடிகர்-முதலாளிகளின் வரிசை இர்விங், ஃப்ராங்க் பென்சன் என்று தொடங்கி டொனால்ட் உல்ஃபிட்டோடு ஏறக்குறைய முடிகிறது. 1961இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, 1963இல் நேஷனல் தியேட்டர் என அரசு மானியத்தில் நடக்கும் பெரிய நிறுவனங்கள் வந்தன. டைரக்டர் என்றொரு புது அதிகாரி நடிகருக்கு மேலே வந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. பத்துப்பதினைந்து பேருக்குச் சோறு போட்டு ரயிலில் கூட்டிப்போகிற முறைக்கு எந்த நாட்டிலும் வசூல் கட்டுப்படியாகாமல் போயிற்று. லண்டனில் இதைச் சொன்னால் பொருளாதாரம். அதையே சிம்லாவில் சொன்னால் மட்டும் பேரரசின் அந்திக்காலம்! எனக்கு இது கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது.

சினிமா விழுங்கிற்று என்ற கதை இந்தக் குடும்பத்தில் தலைகீழாக நடந்தது. ஷசி கபூர் ஷேக்ஸ்பியரானாவில் நடித்தவர். கெண்டலின் மூத்த மகள் ஜெனிஃபரை 1958இல் மணந்தார். பிறகு இந்தி சினிமாவில் சம்பாதித்தார். சம்பாதித்ததைக் கொண்டு அவரும் ஜெனிஃபரும் 1978இல் பம்பாய் ஜூஹுவில் பிரித்வி தியேட்டரைக் கட்டினார்கள். கெண்டலின் மகள் ஆண்டுக்கணக்கில் முன்னின்று நடத்திய அந்த அரங்கில் நடந்ததும் இன்று நடப்பதும் பெரும்பாலும் இந்தி, மராத்தி, குஜராத்தி, ஆங்கில நாடகங்கள். ஷேக்ஸ்பியர் எப்போதாவது வருவார். மூன்று பக்கம் பார்வையாளர் சூழ்ந்த, நடிகரின் மூச்சு முன்வரிசைக்குக் கேட்கிற சின்ன மேடை. மஞ்சுளா வந்து மேடையைக் கெடுத்தாள் என்பது படம். சினிமாக் காசு வந்து மேடையைக் கட்டிற்று என்பது நடந்தது.

'ஷேக்ஸ்பியர் வாலா' உருகச் சொல்லிக்கொடுத்தது என்றால் சிரிக்கச் சொல்லிக்கொடுத்த நாடகம் ஒன்றும் உண்டு. உல்ஃபிட்டுக்கு உடுப்பு மாட்டிவிடும் உதவியாளாக இருந்த ரொனால்ட் ஹார்வுட் 1980இல் எழுதிய 'தி டிரெஸ்ஸர்', 1983இல் படமாகவும் வந்தது. அதிலிருந்து ஊர்சுற்றி நடிகர்-முதலாளி என்றாலே கத்திப் பேசுகிற, தன்னைத் தவிர யாரையும் மேடையில் வெளிச்சத்தில் நிற்க விடாத கொடுங்கோலன் என்று ஆகிவிட்டது. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த 1940இல், மதிய உணவு நேரத்தில் ஷேக்ஸ்பியர் போட்டவர் உல்ஃபிட் என்பது அந்தச் சிரிப்பில் அடிபட்டுப்போயிற்று.

கொடுங்கோன்மை விஷயத்தில் நான் கெண்டலுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. குடும்பமும் குழுவும் ஒன்றாக இருந்தால் மகள் கல்யாணம் செய்துகொள்வது கதாநாயகி ராஜினாமா செய்வதாகிவிடும். ஜெனிஃபர் ஷசியோடு போனபோது கெண்டல் பட்ட கோபத்தில் தகப்பனுடைய பங்கு எவ்வளவு, முதலாளியுடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. கைக்குழந்தையாகவே மேடைக்குத் தூக்கிச்செல்லப்பட்ட ஃபெலிசிட்டி, இங்கிலாந்துக்குத் தனியாகப் போய்ப் பேர் வாங்க முடிவெடுத்தபோதும் இதே கதை. தகப்பனின் பிடிவாதத்தை அவரே 1998இல் வந்த தன் நினைவுநூலில் அன்போடும் வலியோடும் எழுதியிருக்கிறார். இதற்காகக் கெண்டலைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். மகளைக் கொட்டகையை விட்டு வெளியே விடாத தகப்பனைப் பார்க்க நாம் இங்கிலாந்து போக வேண்டியதில்லை. இதற்கும் விக்டோரியா மகாராணிக்கும் சம்பந்தமில்லை.

என் தரப்பில் பலவீனமான இடம் ஒன்று உண்டு, அதை எதிர்த்தரப்பு சரியாகப் பயன்படுத்தியதே இல்லை. கெண்டலின் பார்வையாளர்கள் ஆங்கிலம் தெரிந்தவர்கள், பெரும்பாலும் வசதியானவர்கள். உறைவிடப் பள்ளிகள், கான்வென்ட்கள், கல்லூரிகள், சமஸ்தான அரண்மனைகள். தத் கிராமத்துக்குப் போனார், கெண்டல் மொழியை மாற்றவே இல்லை. பிரௌனின் ஆட்கள் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஜெர்மன் கற்றுக்கொண்டதுபோல, இத்தனை ஆண்டு இங்கே இருந்த இந்த மனிதர் இந்துஸ்தானியில் ஒரு ஆட்டமாவது முயன்றிருக்கலாமே என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் அது வர்க்கத்தைப் பற்றிய கேள்வி. 1950களில் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் இந்தியர்கள். கட்டணம் கட்டியவர்கள் இந்திய அதிகாரிகள், வியாபாரிகள், ஜமீன்தார்கள். எந்த நாடகம் வேண்டும் என்று கெண்டலுக்குக் கடிதம் எழுதிய பள்ளிகள் நடந்தது அவர்கள் காசில். சுதந்திர இந்தியாவின் மேல்தட்டு, தன் பிள்ளைகளுக்கு ஆங்கில ஷேக்ஸ்பியரை விலை கொடுத்து வாங்கியது. விற்ற ஆங்கிலேயர் ஒருவரைக் கூண்டிலேற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. வாங்கிய நம் தாத்தாக்களைக் கூண்டிலேற்றி யாராவது ஒன்று எழுதட்டும், முதல் ஆளாக வாசிக்கிறேன்.